‘பசுமை’ விழாப் பெட்டி: பிரித்துப் பார்த்தால் எது தேறும்?

20 பேருக்கான விருந்துக்கு வேண்டியதெல்லாம் இப்போது ஒரே அட்டைப்பெட்டியில் வந்துவிடுகிறது. தட்டு, கப், மரக்கரண்டி, ஸ்ட்ரா, பலூன், ஜிகினாத் தூள், விதைக்காகித அழைப்பிதழ், பரிசு சுற்றும் தாள், பேட்டரியில் எரியும் குட்டி விளக்குச் சரம், எல்லாம் முடிந்தபின் அள்ளிப்போட ஒரு ‘மக்கும்’ குப்பைப் பை. சிலர் இதையெல்லாம் ஒரு பருத்திப் பையில் வைத்து, பையை இலவசம் என்கிறார்கள். அட்டை பழுப்பு நிறத்தில் இருக்கும், மேலே ஓர் இலைப் படம் இருக்கும். பெயர்தான் கடைக்குக் கடை மாறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே சரக்குதான். அதனால் இந்த மதிப்புரை ஒரு நிறுவனத்தைப் பற்றியதல்ல, இந்த வகைப் பெட்டியைப் பற்றியது. ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறோம்: விருந்து முடிந்த மறுநாள் இது எங்கே போகும்?

முதலில் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘மக்கும்’ என்ற சொல்லுக்குக் காலக்கெடு கிடையாது. தோல் செருப்பும்தான் மக்கும். எப்போது என்பதல்லவா விஷயம்? எண் போட்ட தரச்சான்று இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. பெட்டிகளில் அதிகம் தென்படுவது ஈஎன் 13432. ஆலை மாதிரி இயங்கும் பெரிய உரக்கூடங்களுக்கான ஐரோப்பியத் தரம் அது. அங்கே குவியல் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேகும். 12 வாரத்தில் பொருள் நொறுங்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது. 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைந்திருக்க வேண்டும். வீட்டு வாளியில் அந்தச் சூடு வராது. வீட்டு உரத்துக்கென்றே ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 5810, பிரான்சின் என்எஃப் டி 51-800 போன்ற தரங்கள் இருக்கின்றன. அவை 20 முதல் 30 டிகிரியில், ஓராண்டு கெடுவில் சோதிப்பவை. ஆக, ஈஎன் 13432 மட்டும் போட்ட பொருளை உங்கள் ஊரில் தனியாகச் சேகரித்து உரக்கூடத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு இல்லையென்றால், அது சாதாரணக் குப்பைதான். குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் அங்கே உரம் உண்டாகாது, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுதான் உண்டாகும்.

‘ஆக்சோ’ என்று தொடங்கும் எந்த வார்த்தையைப் பார்த்தாலும் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக்கில் உலோக உப்பைக் கலந்து, வெயிலிலும் காற்றிலும் பொடிப்பொடியாக உதிரும்படி செய்தது அது. உதிர்வதும் மக்குவதும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரகத்தை 2021 ஜூலை 3 முதல் விற்கவே விடுவதில்லை.

தட்டு: பெட்டியின் உருப்படியான பொருள்

பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது கரும்புச் சக்கைத் தட்டு. சக்கையைக் கூழாக்கி, அச்சில் அழுத்தி, சூடேற்றிச் செய்வது. கழிவிலிருந்து வருவதால் இதற்காக மரம் வெட்டுவதில்லை. சூடான உணவைத் தாங்கும், தனிப் பூச்சு இல்லாவிட்டால் நனைந்து கூழாகி மண்ணோடு சேரும். ஆனால் ‘எண்ணெய் ஊறாது’ என்று பெருமையாக எழுதியிருந்தால் அங்கேதான் நிற்க வேண்டும். வெறும் சக்கைக்கு எண்ணெயைத் தடுக்கும் சக்தி இல்லை, எதையோ சேர்த்திருக்கிறார்கள். அந்த எதையோ பல ஆண்டுகளாக பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் வேதிப்பொருளாகவே இருந்தது. கார்பனும் ஃப்ளூரினும் பிணைந்த பிணைப்பு அவ்வளவு எளிதில் அறுபடாது. தட்டு மக்கினாலும் அது மக்காமல் உரத்திலும், உரம் போட்ட மண்ணிலும் தங்கும். அமெரிக்காவில் உணவுத் தாள்களில் எண்ணெய் தடுக்க இவற்றை விற்பது நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. மற்ற பல இடங்களில் வாங்குபவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டுப் பதில் வராவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பென்சிலின் மழுங்கிய முனையைச் சமையல் எண்ணெயில் தொட்டு, தட்டின் நடுவில் ஒரு சொட்டு வையுங்கள். கண்ணைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். சொட்டு உடனே ஊறிக் கறையானால் தடுப்பு எதுவும் இல்லை. ஊறாமல், ஆனால் தட்டையாகப் பரவி நின்றால் மெழுகு போன்ற வேறு தடுப்பாக இருக்கலாம். முத்துப்போல உருண்டு நின்று, தட்டைச் சாய்த்ததும் தடமில்லாமல் ஓடினால் ஃப்ளூரின் இருக்க வாய்ப்பு அதிகம். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் கேள்வி கேட்கப் போதுமான காரணம்.

இன்னொன்றும் உண்டு. கொதிக்க வைத்த தண்ணீர் 200 மில்லியைத் தட்டில் ஊற்றி 20 நிமிடம் விடுங்கள். தட்டைத் தூக்கினால் மேசையில் ஈர வட்டம் தெரியும். ஓட்டை என்று பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதற்குத்தான். பெரும்பாலும் அது ஒழுகல் அல்ல, தட்டின் நார்களுக்கிடையே கீழே இறங்கிய நீராவி மேசையின் குளிர்ச்சியில் படிந்தது. அடியைத் தொட்டுப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் தட்டு நல்லது, மேசைக்குத்தான் துணி விரிக்க வேண்டும். அழுத்தியதும் விரல் அமுங்கினால் அந்தத் தட்டு விருந்து முடியும்வரை தாங்காது.

பயன்படுத்திய தட்டைப் பழைய காகிதத்தோடு போடாதீர்கள். எண்ணெயும் உணவும் ஒட்டிய காகிதம் மறுசுழற்சிக் கூழைக் கெடுக்கும். அது போக வேண்டிய இடம் உரவாளி. அதைப் பின்னால் பார்ப்போம்.

கப்: வேண்டவே வேண்டாம்

பெட்டியில் ஏமாற்றம் இதுதான். கண்ணாடி மாதிரித் தெரியும் கப், சோள மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண்ணோ பிஎல்ஏ என்ற எழுத்தோ இருக்கும். 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் என்பதால் சூடான பானம் ஊற்றினால் கப் கையிலேயே வளையும். குளிர்பானத்துக்குச் சரி. ஆனால் மறுநாள்? வீட்டு வாளியில் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பார்வைக்குத் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் போலவே இருப்பதால் மறுசுழற்சியில் கலந்து, அந்தச் சரக்கையும் கெடுக்கும். ‘தாவரக் கப்’ என்று விற்பதை உறுதிசெய்ய ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாமல் அமுக்கி விடுங்கள். பிஎல்ஏ நீரைவிட அடர்த்தியானது, மூழ்கும். மிதந்தால் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக். இலைப் படம் வெறும் படம்தான். மூழ்கியதால் மட்டும் பிஎல்ஏ என்று முடிவுகட்ட வேண்டாம், பாட்டில் பிளாஸ்டிக்கும் மூழ்கும்.

பேப்பர் கப் அதைவிட நல்லது என்ற நம்பிக்கையை உடைக்க ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கப்பை நெட்டுவாக்கில் கிழித்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கட்டைவிரலால் வெளிப்பக்கத் தாளை உருட்டி உருட்டி எடுத்தால் தாள் முழுக்கக் கழன்று, உள்ளே பாம்புச் சட்டை மாதிரி ஒரு மெல்லிய தோல் முழுசாகக் கையில் நிற்கும். அது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். கப்பின் எடையில் 5 சதவீதம் அளவுதான், ஆனால் மீதி 95 சதவீதத்தையும் மறுசுழற்சிக்கு ஆகாததாக்குவது அதுதான். அந்தத் தோல் பிஎல்ஏ என்றாலும் வீட்டு வாளிக்கு ஒன்றும் மாறப்போவதில்லை.

சில விலையுயர்ந்த பெட்டிகளில் ‘மூங்கில் நார்க் கப்’ வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். மூங்கில் பொடியை மெலமைன் பிசினில் குழைத்து வார்த்தது அது; அதாவது பிளாஸ்டிக். 70 டிகிரிக்கு மேல் சூடான பானம் ஊற்றினால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் கசிவது கூடுதலாக இருக்கலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020-இல் எச்சரித்தது. உணவு தொடும் பிளாஸ்டிக்கில் மூங்கில் பொடி கலக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. இயற்கை என்ற பெயரில் வந்த இந்தக் கலப்பைவிடப் பழைய எவர்சில்வர் டம்ளர் ஆயிரம் மடங்கு மேல்.

கரண்டி, ஸ்ட்ரா

மரக்கரண்டி பரவாயில்லை ரகம். வாயில் வைத்ததும் நாக்கை உலர்த்தும் அந்த உணர்வு பலருக்குப் பிடிக்காது. 10 நிமிடம் ஈர உணவில் நின்றால் கழுத்துப் பகுதி இளகும். வாங்கும்போது மரநாரின் ஓட்டம் கைப்பிடியின் நீளத்தை ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் அழுத்தியதும் முறியும்.

ஸ்ட்ராவில் காகிதம்தான் பசுமை என்பது பொது எண்ணம். பெல்ஜியத்தில் 39 வகை ஸ்ட்ராக்களைச் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வில், 20 காகித வகைகளில் 18-இல் பிஎஃப்ஏஎஸ் இருந்தது. மூங்கில் 5-இல் 4. எஃகு ஸ்ட்ரா ஒன்றில்கூட இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஸ்ட்ராவே தேவையில்லை. கை நடுக்கம் உள்ளவர், படுக்கையில் இருப்பவர், டம்ளரைத் தூக்க முடியாதவர் வருவதாக இருந்தால் அவர்களுக்கென்று வளையும் சிலிகோன் ஸ்ட்ரா சிலவற்றை வைத்திருங்கள். எஃகு ஸ்ட்ராவோடு சின்னக் குழந்தைகளை ஓட விடாதீர்கள். தடுக்கி விழுந்தால் வாய்க்குள் காயம்.

பலூனும் ஜிகினாவும்

‘ரப்பர் மரப் பாலில் செய்தது, மக்கும்’ என்று பலூன் பொட்டலத்தில் எழுதியிருக்கும். பால் மரத்திலிருந்து வருவது உண்மை. பலூனாவதற்குமுன் அதில் கந்தகம், நிறமி, சிதையாமல் காக்கும் பொருள்கள் எல்லாம் சேர்கின்றன என்பதும் உண்மை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இத்தகைய பலூன்களை நன்னீரிலும் கடல்நீரிலும் உரக்குவியலிலும் 16 வாரம் போட்டுப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள்: சொல்லிக்கொள்ளும்படி எங்கும் மக்கவில்லை. இறந்த கடற்பறவைகளை வைத்து 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு, பலூன் துணுக்கை விழுங்கிய பறவை சாகும் வாய்ப்பு கெட்டி பிளாஸ்டிக்கை விழுங்கியதைவிட 32 மடங்கு என்கிறது. மென்மையான ரப்பர் குடலில் போய் அடைத்துக்கொள்கிறது. வானில் பறக்கவிடுவதென்றால், அது எங்கே விழும் என்று தெரியாத இடத்துக்குக் குப்பையை அனுப்புவதுதான். ஹீலியம் வேறு செலவாகும். நிலத்தடியில் யுரேனியம், தோரியம் சிதைந்து யுகக்கணக்கில் சேர்ந்த வாயு அது; ஒருமுறை வெளியே விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

பலூனுக்குப் பதில் துணிக்கொடித் தோரணம் தைத்துக்கொள்ளலாம். 18 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரத்தில் 12 முக்கோணங்கள். இடையே 7 சென்டிமீட்டர் விட்டால் 3 மீட்டர் வரும். நாடாவை 4 மீட்டராக வெட்டி, கட்டுவதற்கு இரு பக்கமும் அரை மீட்டர் விடுங்கள். வயது, ஆண்டு எதையும் அதில் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த முறை அலமாரியை விட்டு வராது.

ஜிகினாத் தூளைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அலுமினியம் பூசிய பிளாஸ்டிக்கைப் பொடியாக வெட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனை 2023 அக்டோபர் 17 முதல் தடைப்பட்டுவிட்டது. ‘செல்லுலோஸ் ஜிகினா’ என்று மாற்றாக வருவதிலும் மினுமினுப்புக்கு மேற்பூச்சு தேவைப்படுகிறது. மேசையில் தூவ ஏதாவது வேண்டுமென்றால், உதிர்ந்த காய்ந்த இலைகளைக் காகிதத் துளையிடும் கருவியில் கொடுத்து வட்டங்களாக வெட்டுங்கள். மொறுமொறுவென்று காய்ந்தது நொறுங்கிவிடும். பழுத்து விழுந்து ஓரிரு நாளான இலைதான் சுத்தமாக வெட்டும்.

விதைக்காகித அழைப்பிதழ் நல்ல எண்ணம், பலன் கம்மி. பெறுபவர் அதை மேசை டிராயரில் மாதக்கணக்கில் வைத்துவிட்டு, நினைவு வரும்போது குழிதோண்டி ஆழமாகப் புதைக்கிறார். முளைக்காது. சின்ன விதைகள், மேலே 3 மில்லிமீட்டர் மண்ணுக்கு மேல் இருக்கக்கூடாது, முதல் 2 வாரம் காகிதம் காயவே கூடாது. உள்ளே என்ன விதை என்று எழுதாத காகிதத்தை வாங்காதீர்கள், எங்கிருந்தோ வந்த களையை நீங்களே ஊர் ஊராக அனுப்பியதாகிவிடும். கைப்பேசி அழைப்புக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு: யார் வருகிறார்கள் என்ற கணக்கு கையோடு வந்துவிடும். அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது கீழே.

பரிசுத் தாளைக் கசக்கிப் பந்தாக்குங்கள். அப்படியே நின்றால் காகிதம். விரல் எடுத்ததும் விரிந்தால் பிளாஸ்டிக் கலந்தது. துணியில் சுற்றுவதானால், சதுரத் துணியின் மூலைவிட்டம் பெட்டியின் நீளத்தைப்போல் 3 மடங்கு இருந்தால் முடிச்சு தாராளமாக விழும். டேப்பும் தேவையில்லை.

விளக்குச் சரம் எந்தப் பேட்டரியில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். காசு வடிவ லித்தியம் பேட்டரி என்றால் குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் வேண்டாம். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது. மறுபடி சார்ஜும் ஏற்ற முடியாது. 3 ஏஏ பேட்டரி போடும் சரத்தை வாங்கி, நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி போடுங்கள். ஒன்று 1.2 வோல்ட்தான் என்பதால் 4.5-க்குப் பதில் 3.6 வோல்ட் வரும், வெளிச்சம் சற்று மங்கும். அது பழுதல்ல. பழையதும் புதியதும் கலந்து போட்டால்தான் பழுது: பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றவை அதை எதிர்த்திசையில் ஓட்டிக் கெடுத்துவிடும்.

குப்பைப் பை, பருத்திப் பை

உரமாகும் குப்பைப் பை ஸ்டார்ச்சும் பிபிஏடி என்ற பாலிமரும் கலந்தது. ஈரக்கழிவைப் போட்டு 3, 4 நாள் வைத்தால் அடி கிழியும். விருந்துக்கழிவுக்கு அது போதும், ஆனால் மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். ஓராண்டு தாண்டினால் மடிப்பிலேயே விரிசல் விடும். கடைசியாக அந்த ‘இலவச’ப் பருத்திப் பை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் நல்லதாக இருக்க, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை என்றால் இரண்டரை ஆண்டு. வீட்டில் ஏற்கெனவே நாலு பை தொங்கினால் ஐந்தாவது பசுமை ஆகாது.

பெட்டியில் இல்லாதது

இந்தப் பெட்டிகளின் பெரிய குறை உள்ளே இருப்பதில் இல்லை. உணவைப் பற்றி அவற்றில் ஒரு பொருளும் கிடையாது, ஒரு வரியும் கிடையாது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. 20 கரும்புச் சக்கைத் தட்டு சேர்ந்தால் எடை 300 கிராம் அளவுதான். அந்தத் தட்டுகளில் மிச்சம் வைக்கும் உணவு அதைப்போல் பல மடங்கு ஆகிவிடும்.

செய்ய வேண்டியவை எளிது. விருந்துக்கு 2 நாள் முன் வருகிறவர்களை மறுபடி எண்ணுங்கள். குழந்தைகளை அரை ஆளாகக் கணக்கிடுங்கள். 9 அங்குலத் தட்டுக்குப் பதில் 7 அங்குலம் வையுங்கள்; வேண்டுபவர் மறுமுறை எடுத்துக்கொள்வார். பரிமாறும் கரண்டியும் சின்னதாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் கொட்டாமல் மூன்றில் ஒரு பங்கை உள்ளே குளிர்ச்சியில் நிறுத்தி வையுங்கள். மேசைக்கு வராத உணவை மறுநாள் தாராளமாகச் சாப்பிடலாம். மேசைக்கு வந்தது 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். ஆழமான பாத்திரத்தோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்து கெடும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். வருபவர்களிடம் ஆளுக்கொரு காலி டப்பா கொண்டுவரச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை.

பெட்டிக்குப் பதில் என்ன

20 பேருக்கு 24 தட்டு, 24 கரண்டி, 30 டம்ளர். டம்ளர் ஏன் அதிகம் என்றால், கீழே வைத்தது யாருடையது என்று தெரியாமல் புதிதாக எடுப்பவர்கள்தான் எல்லா விருந்திலும் பெரும்பான்மை. டம்ளரில் ஆளுக்கொரு நிறநூல் கட்டிவிட்டால் 22 போதும். அண்டை வீடுகள் மூன்று நான்கு சேர்ந்து ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எவர்சில்வர் தட்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வெளியே வந்தால் அதுவும் அந்தப் பருத்திப் பை கதைதான்.

கைதுடைக்கக் காகிதம் வேண்டாம். 150-க்கு 220 சென்டிமீட்டர் அளவுள்ள பழைய பருத்தி விரிப்பு ஒன்றிலிருந்து 30 சென்டிமீட்டர் சதுரங்கள் 35 வெட்டலாம். ஓரம் மடித்துத் தையுங்கள். கறை தெரியாத அடர்நிறம் நல்லது. துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசாதீர்கள், அப்புறம் துணி தண்ணீரை உறிஞ்சாது. எப்படித் துவைக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் குழந்தைகளின் துணி நாப்கின் நல்ல உதாரணம். பிரிட்டனில் 2008-இல் கணக்கிட்டபோது, இரண்டரை ஆண்டில், ஒருமுறை போட்டு எறியும் நாப்கின் 550 கிலோ, துணி நாப்கின் 570 கிலோ கரியமில வாயு, துணிதான் தோற்றது. அதே துணியை இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

பாத்திரம் கழுவும் வேலைதான் பலரைக் காகிதத் தட்டுக்குத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் கழுவினால் 120 லிட்டர். 10 லிட்டர்த் தொட்டி மூன்று வைத்தால் 30 லிட்டரில் முடியும்: ஒன்று ஊறவைக்க, ஒன்று சோப்பு நீர், ஒன்று அலச. தொட்டிகளுக்குமுன் ஒரு வாளியும் ரப்பர் கரண்டியும் வைத்து, அவரவர் தட்டை அவரவரே வழித்துப் போடச் சொல்லுங்கள். டம்ளர் முதலில், பிறகு கரண்டி, கடைசியில் எண்ணெய்த் தட்டு. இந்த வரிசை மாறினால் பாதியிலேயே நுரை செத்து, தண்ணீரை மாற்ற வேண்டி வரும்.

கழுவ ஆளே இல்லாத இடம், திறந்தவெளி, தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் மட்டும் கரும்புச் சக்கைத் தட்டையும் மரக்கரண்டியையும் உதிரியாக வாங்குங்கள். முழுப் பெட்டி எந்தக் கணக்கிலும் தேறவில்லை.

தட்டை உரமாக்குவது

மூடியுள்ள 20 லிட்டர் வாளி இரண்டு. பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர்த் துளைகள், அடியிலும் ஐந்தாறு, கீழே ஒரு தட்டம். தட்டுகளை 3 சென்டிமீட்டர்த் துண்டுகளாகக் கிழித்து ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். காய்ந்த தட்டை அப்படியே போட்டால் உரத்தின் ஈரத்தை அது குடித்துவிட்டுத் தானும் மக்காமல் கிடக்கும். மரக்கரண்டியை நாலைந்தாக உடையுங்கள்.

அடியில் 5 சென்டிமீட்டர் காய்ந்த இலை. மேலே ஒரு பங்கு உணவுக்கழிவு, அதன்மேல் 2 அல்லது 3 பங்கு தட்டுத் துண்டும் இலையும், ஒரு பிடி பழைய உரம் அல்லது தோட்டத்து மண். கார்பனும் நைட்ரஜனும் 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் நிற்பதற்காகத்தான் இந்த அடுக்கு. வாரம் இருமுறை அடிவரை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள். கிளறி, காய்ந்த துண்டு சேர்க்க வேண்டும். மூக்கை எரிக்கும் அம்மோனியா நெடி என்றால் உணவு அதிகம், தட்டு கம்மி. எறும்பு ஏறினால் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறது. சின்ன ஈ மொய்த்தால் மேல் அடுக்கில் உணவு வெளியே தெரிகிறது, இலையால் மூடுங்கள். விருந்துக்கழிவை ஒரேநாளில் கொட்டினால் இவை அத்தனையும் சேர்ந்தே வரும். பாதியை டப்பாவில் உறையவைத்து, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

மூன்று நான்கு மாதம் கழித்து 1 சென்டிமீட்டர்க் கண் சல்லடையில் சலியுங்கள். தட்டு பெரும்பாலும் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். கரண்டிக் கழுத்துகள் கருத்துப்போய் அப்படியே கிடக்கும். அவற்றை அடுத்த வாளியின் அடி அடுக்கில் போடுங்கள். பட்டை பட்டையாக ஏதாவது மினுங்கினால், யாரோ தவறிப்போட்ட பேப்பர் கப்பின் உள்தோல் அது. அதைமட்டும் பொறுக்கிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.